வெட்டும் கைகளை எண்ணுவது யார்?

அமெரிக்காவின் பன்றி இறைச்சி ஆலைகளில் நெடுங்காலம் ஓர் எண் ஆட்சி செய்தது: மணிக்கு 1,106. சங்கிலியில் தலைகீழாகத் தொங்கியபடி நகரும் பன்றிகள் ஒரு மணி நேரத்தில் இந்த எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது என்பது அந்நாட்டு வேளாண் துறையின் விதி. கணக்குப் போட்டால் மூன்றேகால் விநாடிக்கு ஒரு பன்றி. எட்டு மணி நேர ஷிப்டில் 8,800-க்கும் மேல். இந்த எண் எப்படி வந்தது என்று தேடிப் போனால், இறைச்சி ஆலைத் தொழிலாளர்கள் ஏன் இவ்வளவு காயப்படுகிறார்கள் என்பதற்கான விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். கத்தி பிடித்த கை ஒரு மணி நேரத்தில் எத்தனை வெட்டுகளைத் தாங்கும் என்று அளந்து இதை யாரும் முடிவுசெய்யவில்லை. வரிசையோரம் நிற்கும் ஏழு அரசு ஆய்வாளர்கள் தலை, உள்ளுறுப்பு, உடல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நோய்க்குறி உண்டா இல்லையா என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற கணக்கிலிருந்து பிறந்த எண் இது. கறியைப் பார்க்கும் கண்ணுக்கு உச்சவரம்பு வைத்த அமெரிக்கச் சட்டம், கறியை வெட்டும் கைக்கு இன்றுவரை ஒன்றும் வைக்கவில்லை. இந்த ஆலைகளில் நேரும் காயங்களைத் தொழிலாளியின் கவனக்குறைவு என்றோ, கத்தியோடு பிழைப்பவர்களின் தலைவிதி என்றோ பேசிவிட்டுப் போவது எளிது. வேகத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் உணவைக் காக்கும் துறையிடமும், தொழிலாளியைக் காக்கும் கடமை வேறொரு துறையிடமும் பிரிந்து கிடப்பதே இந்தக் காயங்களின் வேர் என்பது என் வாதம்.

நம் ஊர்க் கறிக்கடைக்காரரை எண்ணிப்பாருங்கள். ஆட்டைத் தொங்கவிட்டுத் தோலுரிக்கிறார், தொடையை எடுக்கிறார், நெஞ்செலும்பைப் பிளக்கிறார், ஈரலைத் தனியே வைக்கிறார், வந்தவர் கேட்பதற்கேற்பத் துண்டு போடுகிறார். இடையில் கத்தியைத் தீட்டுகிறார், தராசைப் பிடிக்கிறார், காசு வாங்கிப் போடுகிறார். அவர் கை ஒரு நாளில் நூறு விதமாக அசைகிறது. ஆலையிலோ அந்த ஒரு மனிதரின் வேலை பல பேருக்குக் கூறுபோடப்பட்டிருக்கிறது. ஒருவருக்குத் தோள் மூட்டில் ஒரு வெட்டு, அடுத்தவருக்குத் தொடையெலும்பை உருவும் ஓர் இழுப்பு. ஷிப்ட் முடியும்வரை ஆயிரக்கணக்கான முறை அதே அசைவு. கறி கெடாமலிருக்க அறை சில்லிட்டுக் கிடக்கும். குளிரில் விரல் விறைக்கும்; விறைத்த விரல் கத்தியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். எலும்பில் உரசி உரசிக் கத்தி முனை மழுங்கும்; மழுங்கிய கத்தி கூடுதல் பலம் கேட்கும்; நின்று தீட்டிக்கொள்ள நேரம் இராது. மணிக்கட்டின் குறுகிய சந்துக்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஓய்வில்லாத அசைவில் தசைநாண் உறைகள் வீங்கும்போது நடுவில் மாட்டிய நரம்பு நசுங்குகிறது. முதலில் இரவுத் தூக்கத்தில் விரல்கள் மரத்துப்போகும். பிறகு பொத்தான் போட வராது, தண்ணீர்ச் செம்பு கையிலிருந்து நழுவும். கார்பல் டனல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். ரத்தம் சிந்தாத காயம் இது. எந்தக் குறிப்பிட்ட நாளில், எந்த நிமிடத்தில் நேர்ந்தது என்று காட்ட முடியாததால் காயமாகவே எண்ணப்படாமல் போவதும் இதுதான்.

கறிக்கு ஒரு சட்டம், கைக்கு வேறு சட்டம் என்ற பிரிவு எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சிகாகோ இறைச்சிக்கூடங்களில் தொழிலாளர்கள் படும் பாட்டை நாடு அறியட்டும் என்றுதான் அப்டன் சிங்க்ளேர் ‘தி ஜங்கிள்’ நாவலை எழுதினார். 1906-இல் அது நூலாக வந்ததும் அமெரிக்க வாசகர்களை உலுக்கியது, தங்கள் தட்டுக்கு வரும் கறியில் என்ன கலந்திருக்கிறது என்ற அருவருப்பு. அதே ஆண்டு ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டம் கையெழுத்தானது. அரசு ஆய்வாளர்கள் ஆலைக்குள் வந்தார்கள். தொழிலாளிக்கென்று அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. தன் நோக்கம் நிறைவேறவில்லை என்று சிங்க்ளேரே பின்னர் வருந்தி எழுதினார். 1958-இல் அறுக்கப்படும் கால்நடைகள் வலியறியாமல் சாக வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அது நல்ல சட்டம். அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வேலையிடத்தில் தொழிலாளியின் உடலைக் காக்கும் தேசியச் சட்டத்துக்கு, ‘ஓஷா’ என்ற அமைப்பை உருவாக்கிய சட்டத்துக்கு, அந்த நாடு 1970 வரை காத்திருந்தது. வரிசை எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் வேளாண் துறையிடம் ஏற்கெனவே நிலைபெற்றிருந்தது. பின்னால் வந்த ஓஷாவின் கைக்கு அது வரவே இல்லை.

இந்தப் பிரிவு எவ்வளவு கொடூரமாக முடியக்கூடும் என்பதற்கு வட கரோலினாவின் ஹாம்லெட் என்ற சிற்றூர் சாட்சி. அங்கே கோழிக்கறியைப் பொரித்து உறையவைக்கும் ஆலை ஒன்றில் 1991 செப்டம்பர் 3 அன்று ஹைட்ராலிக் குழாய் கழன்று, எண்ணெய்க் கொப்பரை அருகே தீப்பிடித்தது. வெளியே போகும் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. 25 பேர் இறந்தார்கள். ஆலை இயங்கிய 11 ஆண்டுகளில் மாநிலத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர்கூட உள்ளே காலடி வைத்ததில்லை. வேளாண் துறையின் உணவு ஆய்வாளரோ கோழிக்கறியைப் பார்க்க நாள்தோறும் வந்துபோய்க்கொண்டிருந்தார். உரிமையாளருக்கு ஏறக்குறைய 20 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் ஆவதற்குள் வெளியே வந்துவிட்டார். ஆயினும் நெருப்பென்பதால் அங்கே விசாரணை நடந்தது, வழக்கு நடந்தது, நாடு முழுவதும் பேசியது. மணிக்கட்டு நரம்பு நசுங்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அப்படி ஒரு நாள் வருவதில்லை.

அவர்களின் நிலையை அளந்து பார்த்தவர்கள் உண்டு. ‘நியாஷ்’ எனப்படும் அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம், தெற்கு கரோலினாவின் கோழி ஆலை ஒன்றில் தொழிலாளர்களின் நரம்பு கடத்தும் திறனைக் கருவி வைத்துச் சோதித்தது. 2014-இல் வெளிவந்த முடிவு: சோதிக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேருக்குக் கார்பல் டனலுக்கான சான்று இருந்தது. மேரிலாந்தின் இன்னோர் ஆலையில் அது 34 சதவீதம். கையால் செய்யும் ஒரு தொழிலில் மூன்றில் ஒருவருக்கு மேல் கை போய்க்கொண்டிருக்கிறது என்பதை ஓர் ஆலையின் தனிப்பட்ட குறை என்று ஒதுக்க முடியாது. இதற்கு விதி செய்ய முயன்றதும் உண்டு. இறைச்சி ஆலைகளுக்கென்று 1990-இல் ஓஷா வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது, அவை கட்டாயமல்ல. பத்தாண்டு இழுபறிக்குப் பின் 2000 நவம்பரில் பெரும்பாலான தொழில்களுக்கான கட்டாய விதி வந்தது. நான்கே மாதங்களில், 2001 மார்ச்சில், நாடாளுமன்றம் அதை ரத்து செய்தது. 2013-இல் தொழிலாளர் உரிமை அமைப்புகள் இறைச்சி ஆலைகளின் வேலை வேகத்துக்கு மட்டுமாவது ஒரு வரம்பு வையுங்கள் என்று ஓஷாவிடம் மனு கொடுத்தன. தன்னிடம் அதற்கான ஆள்பலமும் பணமும் இல்லை என்று 2015-இல் ஓஷா கைவிரித்தது. வேகத்தைத் தீர்மானிக்கும் துறைக்குத் தொழிலாளி பொறுப்பில்லை; தொழிலாளிக்குப் பொறுப்பான துறைக்கு வேகத்தில் கைவைக்க வசதியில்லை.

தொழில் தரப்பின் முதல் மறுப்பு, காயங்கள் குறைந்துவருகின்றன என்பது. எண்களும் அப்படித்தான் சொல்கின்றன. 100 முழுநேரத் தொழிலாளர்களுக்கு 1992-இல் 29.5 ஆக இருந்த காய, நோய் விகிதம் 2001-இல் 14.7 ஆனது, 2004-இல் 9.8, 2013-இல் 5.7. இதில் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. இரும்பு வலைக் கையுறைகளும் மார்புக் கவசங்களும் பல விரல்களைக் காப்பாற்றியிருக்கின்றன. சில ஆலைகள் மேடைகளின் உயரத்தை ஆளுக்கேற்ப மாற்றும்படி அமைத்திருக்கின்றன. ஆனால் இந்தச் சரிவை அப்படியே ஏற்க முடியாததற்கு வலுவான காரணங்கள் உண்டு. 2002-இல் காயங்களைப் பதியும் படிவமே மாறியது. தசை, எலும்பு, நரம்புத் தேய்மானத்துக்கென்று முன்பு இருந்த தனிக் கட்டம் காணாமல் போனது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒப்பிடுவது சரியல்ல என்று அப்போதே சொல்லப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2005-லும் 2016-லும் இந்தத் துறையை ஆராய்ந்தபோது, காயங்கள் குறைத்துப் பதிவாகின்றன என்ற கவலையைத் திரும்பத் திரும்ப எழுப்பியது. முதலுதவி மட்டும் கொடுத்தால் பதிவுசெய்யத் தேவையில்லை என்பது விதி. அதனால் கைவலியோடு வருபவருக்கு ஆலைச் செவிலியர் ஒத்தடமும் தைலமும் கொடுத்து வாரக்கணக்கில் வரிசைக்கே திருப்பி அனுப்பும் வழக்கம் பல ஆலைகளில் கண்டறியப்பட்டது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில ஆலைகளில் ஓராண்டில் வேலையை விட்டுப் போகிறவர்கள் மொத்தப் பணியிடங்களின் எண்ணிக்கையையே தாண்டிவிடுகிறார்கள். கை கெட்டவர் தானாகவே கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார். அவர் இடத்தில் புதுக் கை வந்து நிற்கிறது. புதுக் கைகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தால் நோய் குறைவாகத்தான் தெரியும்.

வலியைச் சொல்லாமல் மறைப்பது அவர்கள் விரும்பிச் செய்வதல்ல. மெக்சிகோ, குவாத்தமாலா, சோமாலியா, மியான்மார் என்று பல நாடுகளிலிருந்து வந்த மனிதர்களின் உழைப்பில் இந்த ஆலைகள் ஓடுகின்றன. பலருக்கு ஆங்கிலம் வராது. சிலரிடம் குடியுரிமை ஆவணம் இருக்காது. 2019 ஆகஸ்ட் 7 அன்று மிசிசிப்பியின் கோழி ஆலைகளில் குடிநுழைவு அதிகாரிகள் ஒரே நாளில் 680 பேரைக் கைதுசெய்தார்கள். அதைப் பார்த்த ஊரில் எந்தத் தொழிலாளி போய் அரசு அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுப்பார்? கழிப்பறைக்குப் போக அனுமதி கிடைக்காமல் டயப்பர் அணிந்து நிற்கும் கோழி ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2016-இல் ஆவணப்படுத்தியது. சிறுநீர் கழிக்கக்கூட வரிசையை விட்டு நகர முடியாதவர், விரல் மரத்துப்போகிறது என்று சொல்லிக்கொண்டு நகர முடியாது.

வேகம் பகலில் மட்டும் வதைப்பதில்லை. இரவு ஷிப்டில் இயந்திரங்களைக் கழுவும் கூட்டம் ஒன்று உள்ளே வருகிறது. காலையில் உணவு ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தருவதற்குள் ரம்பமும் அரைவை இயந்திரமும் கன்வேயரும் பளிச்சென்று இருக்க வேண்டும். அந்தக் கெடுவுக்குள் முடிக்கும் அவசரத்தில், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டாமலேயே இயந்திரத்துக்குள் கை போகிறது. 2023 பிப்ரவரியில் அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒரு துப்புரவு ஒப்பந்த நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. எட்டு மாநிலங்களில் 13 ஆலைகளில் 13 முதல் 17 வயதுள்ள 102 பிள்ளைகளை அது இந்த வேலைக்கு வைத்திருந்தது. அதே ஆண்டு ஜூலையில் மிசிசிப்பியில் குவாத்தமாலாவிலிருந்து வந்த 16 வயதுச் சிறுவன், எலும்பு நீக்கும் இயந்திரத்தைக் கழுவும்போது உள்ளே இழுக்கப்பட்டு இறந்தான். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை.

இந்த நிலையில் வேகத்தைக் குறைப்பதற்கு மாறாகக் கூட்டுவதற்குத்தான் தொடர்ந்து முயற்சி நடந்தது. கோழிகளின் உள்ளுறுப்பை அகற்றும் வரிசைக்கு நிமிடத்துக்கு 140 என்று வரம்பு. 175 ஆக்கலாம் என்ற யோசனை 2014-இல் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. 2018-இல் விதிவிலக்கு என்ற பெயரில் பின்வாசலாக உள்ளே வந்தது. 2019-இல் பன்றி ஆலைகளுக்கு ஒரு புதிய ஆய்வு முறை வந்தது. அதை ஏற்கும் ஆலைகளுக்கு 1,106 என்ற வரம்பு நீக்கப்பட்டது. தொழிற்சங்கம் வழக்குத் தொடர்ந்தது. விதியை இயற்றும்போது தொழிலாளர் பாதுகாப்பு பற்றி வந்த கருத்துகளை, அது தன் அதிகார எல்லைக்குள் இல்லை என்று சொல்லி வேளாண் துறை ஒதுக்கியிருந்தது. 2021 மார்ச் 31 அன்று மினசோட்டாவின் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வரம்பு நீக்கத்தை ரத்து செய்தது. தொழிலாளியின் உடலைக் கணக்கில் எடுக்காமல் வேகத்தை முடிவுசெய்தது தவறு என்பதே தீர்ப்பின் சாரம். 1906-இல் தொடங்கிய ஒரு குருட்டுத்தனத்தை ஒரு நீதிபதி பெயர் சொல்லிக் காட்டிய தருணம் அது.

கோவிட் காலத்தை இங்கே சுருக்கமாகவே தொடுகிறேன், ஏனெனில் அது தனியே எழுதப்பட வேண்டியது. 2020 ஏப்ரல் 28 அன்று ஆலைகளைத் திறந்துவைக்கப் பிறப்பிக்கப்பட்ட அதிபரின் ஆணை, அதற்கான அதிகாரத்தை வேளாண் அமைச்சரிடம் கொடுத்தது. தோளோடு தோள் உரச நின்று வெட்டியவர்களில், ஐந்து பெரிய நிறுவனங்களில் மட்டும், குறைந்தது 59,000 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. 269 பேர் இறந்தார்கள். இது நாடாளுமன்றக் குழு பின்னர் கண்டறிந்த கணக்கு. தெற்கு டகோட்டாவின் சியூ ஃபால்ஸ் ஆலையில் 1,294 பேருக்குத் தொற்றும் நான்கு மரணங்களும் நேர்ந்ததற்கு ஓஷா கேட்ட அபராதம் 13,494 டாலர்.

இனி, என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்றுக்கு வருகிறேன். விதிவிலக்கு பெற்ற ஆலைகளில் வேகம் தொழிலாளர்களை எப்படிப் பாதிக்கிறது என்று வேளாண் துறையே ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. 2025 ஜனவரியில் வெளிவந்த அந்த ஆய்வு, கோழி ஆலைகளில் சோதிக்கப்பட்டவர்களில் 81 சதவீதம் பேரும், பன்றி ஆலைகளில் 46 சதவீதம் பேரும் தசை, எலும்பு, நரம்பு நோய்க்கான ஏற்க முடியாத ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. கூடவே, கோழிகளின் உள்ளுறுப்பு அகற்றும் வரிசையின் வேகத்துக்கும் இந்த ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லை என்றும் சொன்னது. தொழில் தரப்பு இந்த இரண்டாம் முடிவைத்தான் உயர்த்திப் பிடிக்கிறது. உள்ளுறுப்பு அகற்றும் வேலையைப் பெரும்பாலும் இயந்திரங்கள் செய்கின்றன. அங்கே ஓடும் வேகம் கைகளைத் தொடாமலேயே போகலாம். ஆபத்தோடு தெளிவான தொடர்பு காட்டியது வேறோர் அளவு: ஒவ்வொரு தொழிலாளியும் நிமிடத்துக்கு எத்தனை துண்டுகளைக் கையாள்கிறார் என்பது. மேல்வரிசை வேகமெடுக்கும்போது கீழே எலும்பு நீக்கும் இடத்தில் அதற்கேற்ப ஆட்களைக் கூட்டினால் ஒரு கையின் சுமை மாறாது; கூட்டாவிட்டால் எல்லாம் அந்தக் கைமேல் வந்து விழும். அங்கே இன்று எந்த வரம்பும் கிடையாது. ஆகவே வரிசையின் வேகத்தை மட்டும் பிடித்து நிறுத்தினால் போதும் என்று நினைத்தவர்கள் தங்கள் கோரிக்கையைத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும். சட்டம் எண்ண வேண்டியது நகரும் கோழிகளைவிட, ஒரு கைக்கு நிமிடத்துக்கு விழும் வெட்டுகளை.

அப்படிச் செய்தால் ஆட்செலவு கூடும், கறி விலை ஏறும், ஏழையின் தட்டிலிருந்து புரதம் குறையும் என்பார்கள். ஆட்செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால் அந்தச் செலவு இன்று இல்லாமல் இல்லை. மணிக்கட்டு அறுவைச் சிகிச்சையாக, நாற்பது வயதில் வேறு வேலைக்கும் உதவாத கையாக, ஆண்டுதோறும் முழு ஆலைக்கும் புதிதாக ஆள் தேடிப் பழக்கும் வீண்செலவாக, அது ஏற்கெனவே வேறு யார் வீட்டிலோ வசூலாகிக்கொண்டிருக்கிறது. சட்டம் போட்டால் தொழில் நின்றுவிடுமா என்பதற்கு ஜெர்மனியைப் பார்க்கலாம். 2020 ஜூனில் ரேடா-வீடன்ப்ரூக் நகரின் ஆலையில் 1,500-க்கும் மேற்பட்டோருக்குக் கோவிட் தொற்றியபின், துணை ஒப்பந்தக்காரர்கள் மூலம் ஆள் வைக்கும் முறையை இறைச்சித் துறையில் 2021 ஜனவரி முதல் அந்நாடு தடைசெய்தது. வேலை நேரத்தை மின்னணுக் கருவியில் பதிவதைக் கட்டாயமாக்கியது. சிறு கசாப்புக் கடைகளுக்கு விலக்கும் அளித்தது. ஆயிரக்கணக்கானோர் ஆலைகளின் நேரடிப் பணியாளர்கள் ஆனார்கள். அமெரிக்காவிலேயே மினசோட்டா மாநிலம் 2023-இல் பெரிய இறைச்சி ஆலைகளுக்கு உடலுழைப்புச் சுமையைக் குறைக்கும் திட்டத்தைச் சட்டக் கட்டாயமாக்கியிருக்கிறது. எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்ற ஆறுதலும் நெடுநாளாகச் சொல்லப்படுவதுதான். ஒவ்வொரு விலங்கும் ஒவ்வோர் அளவில் இருப்பதால் எலும்பையொட்டிய நுட்ப வெட்டுகளில் பல இன்னமும் மனிதக் கையிடமே இருக்கின்றன. இயந்திரம் வந்த இடத்திலும், அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க அடுத்துள்ள கைதான் ஓட வேண்டியிருக்கிறது.

இந்தியாவுக்கும் இந்தப் பிரிவு புதிதல்ல. உணவைக் கையாள்பவர் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டு, தொற்றுநோய் இல்லை என்ற சான்றிதழ் பெற வேண்டும் என்கின்றன நம் உணவுப் பாதுகாப்பு விதிகள். தேவையான விதிதான். ஆனால் அந்த மருத்துவர் பார்ப்பது தொழிலாளியிடமிருந்து கறிக்கு என்ன தொற்றும் என்பதை. கறி வெட்டுவதால் தொழிலாளிக்கு என்ன ஆனது என்று கேட்க அந்தச் சான்றிதழில் இடமில்லை. தொழிலாளியைக் காக்கும் பக்கத்திலோ, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், மின்சக்தியால் இயங்கும் இடத்தைத் தொழிற்சாலை என்று கொள்வதற்கான ஆள் எண்ணிக்கை 10-லிருந்து 20 ஆக உயர்ந்திருக்கிறது. உறைகோழிக் கூடங்களிலும் தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் மீன், இறால் ஆலைகளிலும் குளிரில் நின்று வேலைசெய்யும் பெண்களின் மணிக்கட்டுகளையும் ‘நியாஷ்’ சோதித்ததுபோல ஓர் அரசு அமைப்பு கருவி வைத்துச் சோதிக்க வேண்டும்.

அமெரிக்காவில், விதிவிலக்கு பெற்று வேகமாக ஓட்டிய ஆலைகள் தொழிலாளர் பாதுகாப்பு விவரங்களை வேளாண் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று சில காலம் ஒரு நிபந்தனை இருந்தது. கறிக்கான துறை கையைப் பற்றியும் கேட்ட அரிய ஏற்பாடு அது. 81 சதவீதம் என்ற முடிவு வெளிவந்து இரண்டு மாதங்களில், 2025 மார்ச்சில், விதிவிலக்குகளை நீட்டித்த அந்தத் துறை, கூடுதல் வேகத்தை நிரந்தர விதியாக்கப்போவதாக அறிவித்தது. அந்த விவரங்களை இனி அனுப்பத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. அவற்றை மீண்டும் கேட்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். நிறுத்தியதுபோலவே, துறையின் ஓர் அறிவிப்பு போதும்.